பழைய விதிநூல்கள்: பிடிஎஃப் இருக்க, அச்சுப் பதிப்பு எதற்கு?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 நவம்பர் 2

1970, 80களில் வந்த ரோல்பிளேயிங் (ஆளுக்கு ஒரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) விதிநூல்களில் பெரும்பாலானவை இன்று சில டாலருக்குப் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. அதே விதிகளைத் தெளிவாகத் திருப்பி எழுதிய புதிய நூல்களும் வந்துவிட்டன. இதற்குப் பிறகும் பழைய நூல்களுக்குச் சேகரிப்புப் பதிப்பு கேட்பவர்கள் விளையாடுவதற்காகக் கேட்கவில்லை, அலமாரியில் அழகுக்கு அடுக்கி வைக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லலாம்.

நவம்பர் 2, இரவு

மறுக்கிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள மில்வாக்கியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு பேர் உட்கார்ந்து, 1970களின் இறுதியில் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின்படி ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்துவது நான். ஆட்டத்தை நடத்துபவருக்காக 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு எவ்வளவு ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்ட நூல் என்பது அதைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். பொருளடக்கத்தை நம்பித் தேடினால் ஆட்டம் நின்றுவிடும். ஆனால் நூலோடு பழகிய கைக்கு வழி தெரியும்: மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிரித்தால் தாக்குதல் அட்டவணை, கடைசிக் கட்டைத் தூக்கினால் பின்னிணைப்புகள். நூலாசிரியர் கெய்காக்ஸ் தமக்குத் தூண்டுதலாக இருந்த கதைநூல்களைப் பட்டியலிடும் பின்னிணைப்பு ‘என்’ 224ஆம் பக்கத்தில் இருக்கிறது என்பதை நான் மனப்பாடம் செய்யவில்லை, விரல் தானாகவே அங்கே போகிறது. டேப்லெட்டில் இந்தப் பழக்கம் எனக்குக் கைவரவே இல்லை. நான்கு வருடம் முயன்ற பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

திருப்பி எழுதிய நூல்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2006இல் வந்த ஆஸ்ரிக், 2019இல் வந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் இரண்டும் அருமையான உழைப்பு. இரண்டாவது நூலைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நானே பரிந்துரைக்கிறேன். ஆனால் அவற்றால் செய்ய முடியாத ஒன்று உண்டு. அமெரிக்கச் சட்டப்படி ஒரு விளையாட்டின் இயங்குமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை விளக்கிய வாசகங்களுக்குத்தான் உண்டு. ஆகவே திருப்பி எழுதுபவர் முதலில் விலக்க வேண்டியதே மூல ஆசிரியரின் வாசகங்களைத்தான். கெய்காக்ஸ் நடுவராக இருப்பவரைப் பார்த்து நேரடியாகப் பேசும் அந்த நீண்ட வாக்கியங்களும், ஒரு விதியைச் சொல்லிவிட்டு அதை ஏன் அப்படி வைத்தேன் என்று வாதாடும் பத்திகளும் அந்த மறு ஆக்கங்களில் இருக்க வழியே இல்லை. எனக்கு அவைதான் வேண்டும்.

நவம்பர் 3

நேற்று விட்டுப்போன ஒன்று. பிடிஎஃப் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2009 ஏப்ரலில், இந்த விளையாட்டின் உரிமையை வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் தன் பிடிஎஃப் விற்பனையை மொத்தமாக நிறுத்தியது. பழைய நூல்கள் மறுபடி விற்பனைக்கு வந்தது 2013 ஜனவரியில். இடையில் இருந்த நான்கு வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், முறையாகப் பணம் கொடுத்து வாங்க நினைத்தவருக்குக் கோப்பும் இல்லை. நான் விளையாட்டின் பழைய பதிப்புகளைத் தேடத் தொடங்கியது சரியாக அந்தக் காலத்தில்தான்.

நவம்பர் 5

‘சேகரிப்புப் பதிப்பு’ என்ற சொல்லை நான் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி; இதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் விஸ்கான்சினின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வந்தது. என் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மரத்தின் இழை போன்ற தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று பழுப்பு நிறச் சிறுநூல்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதிகள். பெட்டிகளைக் கையாலேயே நிரப்பி அனுப்பினார்கள். பிறகு பெட்டி வெள்ளையானது. 1977இல் டோல்கீன் உரிமையாளர் தரப்பின் எதிர்ப்பு வந்தபோது அவருடைய கதைகளில் வரும் ஹாபிட், என்ட், பால்ராக் ஆகிய இனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அதே காலத்தில் ஹோம்ஸ் தொகுத்த நீல அட்டைத் தொடக்கநிலைப் பெட்டியும் வந்துவிட்டதால், பழையதை வேறுபடுத்திக் காட்ட வெள்ளைப் பெட்டியின் மேல் ‘ஒரிஜினல் கலெக்டர்ஸ் எடிஷன்’ என்று அச்சிட்டார்கள். அதாவது, சேகரிப்புப் பதிப்பு என்று பெயர் தாங்கி வந்ததே சொற்கள் நீக்கப்பட்ட பதிப்பு.

ஆகவே அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை. நான் கேட்பது மூன்று: பக்கம் அன்று இருந்தபடியே, அதே எண்ணில், அதே அளவில் இருக்க வேண்டும், எந்த அச்சிலிருந்து எடுத்தது என்று முன்பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும், நூல் தைத்த கட்டாக இருந்து மேசையில் விரித்தால் விரித்தபடி கிடக்க வேண்டும். தோல் அட்டை, தங்க விளிம்பு, எண் போட்ட சான்றிதழ் ஆகியவற்றை வேண்டுபவர் வேண்டலாம். என் பட்டியலில் அவை இல்லை.

நவம்பர் 9

‘அப்படி எந்தப் பதிப்பாவது வந்திருக்கிறதா’ என்ற கேள்விக்கு. வந்திருக்கின்றன, அரைகுறையாகவும் முழுமையாகவும்.

2012இல் விசார்ட்ஸ் அட்வான்ஸ்டு விளையாட்டின் முதல் பதிப்பைச் சேர்ந்த மூன்று அடிப்படை நூல்களை மறு அச்சிட்டு, வருமானத்தில் ஒரு பகுதியைக் கெய்காக்ஸ் நினைவு நிதிக்குக் கொடுத்தது. அட்டை புதிது, ட்ராம்பியர் வரைந்த புகழ்பெற்ற சிலைப் படம் நடுவில் ஒரு சிறு சதுரமாகச் சுருங்கிவிட்டது. 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அட்டையில் அந்தப் படம் முன்பக்கம் தொடங்கி முதுகைத் தாண்டிப் பின்னட்டை வரை ஓடும். சிலையின் கண்ணிலிருந்து மாணிக்கத்தைப் பெயர்க்கும் திருடர்களை முதலில் பார்ப்போம், புத்தகத்தைத் திருப்பினால்தான் கூட்டத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது தெரியும். அந்தத் திருப்புதல் போய்விட்டது. 2013 நவம்பரில் 1974இன் பழுப்பு நூல்களும் நான்கு துணைநூல்களும் மரப்பெட்டியில் 149.99 டாலருக்கு வந்தன. ஆனால் அடிப்படை நூல் போர் விதிகளுக்குக் கைகாட்டுவது 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டு நூலை. அது பெட்டியில் இல்லை.

என் கணக்கில் சிறந்தது 2018இல் ஃபேண்டசி ஃப்ளைட் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் விளையாட்டின் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு. 1987இன் விதிநூலும் தகவல்நூலும் ஒரே உறையில் வந்தன. உள்ளே பழைய நூலே இருக்கிறது. கேயாஸியம் என்ற பதிப்பகம் 2015இல் வாசகர் கூட்டுநிதி திரட்டி ருன்குவெஸ்ட் இரண்டாம் பதிப்பையும், பிறகு கால் ஆஃப் கதுல்ஹுவின் ஆரம்பகாலப் பெட்டியை அந்த விளையாட்டின் நாற்பதாம் ஆண்டையொட்டியும் கொண்டுவந்தது. இவை எல்லாம் விளையாடக்கூடிய நூல்கள்.

நவம்பர் 10

மரப்பெட்டியைப் பற்றி நேற்று எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். அதை வைத்திருக்கும் ஒரு நண்பர், உள்ளிருக்கும் சிறுநூல்களைத்தான் தம் பிள்ளைகளோடு விளையாடப் பயன்படுத்துவதாகவும், பெட்டி சாய்ந்து விழாமல் இருப்பதால் பகடை உருட்டும் தட்டாகவும் அது உதவுவதாகவும் எழுதியிருக்கிறார். என் குறை பெட்டி மேல் இல்லை, செயின்மெயில் இல்லாததன் மேல்தான். அதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 16

மூன்று துளைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1981இல் மோல்ட்வே எழுதிய பேசிக் நூலும் அதன் தொடர்ச்சியாகக் குக் எழுதிய எக்ஸ்பர்ட் நூலும் தலா 64 பக்கம். இரண்டும் சென்டர் பின் அடித்த மெல்லிய நூல்கள், ஓரத்தில் ஃபைலில் கோக்க மூன்று துளைகள். துளைகள் வெறும் வசதிக்காகப் போட்டவை அல்ல. பின்னைக் கழற்றி இரண்டு நூல்களையும் தாள் தாளாகப் பிரித்து, பேசிக்கின் மந்திரப் பகுதிக்குப் பின்னால் எக்ஸ்பர்ட்டின் மந்திரப் பகுதி, பேசிக்கின் அரக்கர்களுக்குப் பின்னால் எக்ஸ்பர்ட்டின் அரக்கர்கள் என்று ஒரே ரிங் ஃபைலில் அடுக்கிக்கொள்ளலாம் என்ற திட்டத்தோடு பக்கங்களை அமைத்திருந்தார்கள். எக்ஸ்பர்ட் நூலின் வரிசை பேசிக்கின் வரிசையையே பின்பற்றுவதற்குக் காரணம் அதுதான். முதன்முறை படித்தபோது, தொடர்ச்சி நூலில் எதற்காக இப்படிப் பாதிப் பாதியாகப் பகுதிகள் வருகின்றன என்று எனக்குப் புரியவில்லை. துளையோடு கூடிய ஒரு பிரதியைக் கையில் எடுத்த அன்றுதான் புரிந்தது. வருடக்கணக்கில் அதைத் திரையில் படித்திருந்தும் அந்தத் துளைகளை ஸ்கேனரின் கறுப்புப் புள்ளிகள் என்றே எண்ணியிருந்தேன்.

முதலில் கேள்வி கேட்டவர் சொன்ன ‘அலமாரி அழகு’க்கு என் முதன்மையான பதில் இதுதான். அந்த நூலின் அமைப்பையே துளைதான் விளக்குகிறது. கெட்டி அட்டை போட்டுத் துளையை மறைத்த ஒரு பதிப்பு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த நூலுக்குப் பொருந்தாது.

நவம்பர் 17

பகடையைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அந்தக் காலப் பெட்டிகளில் பகடையோடு ஒரு மெழுகுக் கிரயானும் இருக்கும். எண்கள் நிறமில்லாமல் குழிவாக மட்டும் இருந்ததால், கிரயானைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் குழியில் மட்டும் நிறம் தங்கும். 1979ஐ ஒட்டிப் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கத்தரித்துக் கோப்பையில் போட்டு எடுக்க எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். மறு பதிப்பில் அந்தத் துண்டுகளையும் அச்சிட்டு வைத்தால் மகிழ்வேன்.

நவம்பர் 23

எந்த அச்சிலிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும் என ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு இன்னொரு சான்று. 1980இல் வந்த, தெய்வங்களை விளையாட்டுக்காகத் தொகுத்த டெய்ட்டிஸ் அண்ட் டெமிகாட்ஸ் நூல் முதலில் 144 பக்கம். கதுல்ஹு, மெல்னிபோனே ஆகிய இரண்டு புனைவுலகங்களின் பகுதிகள் பிறகு எடுக்கப்பட்டதால் அடுத்த அச்சுகளில் 128 பக்கம் ஆனது. பெயர் ஒன்று, நூல் இரண்டு.

இந்த நூலை நான் தேடியதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கிரேக்கம், எகிப்து, வடதிசை நாடுகள் என்று போகும் வரிசையில் இந்தியத் தெய்வங்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. இந்திரன், அக்கினி, வருணன், எமன், காளியோடு கார்த்திகேயன் என்ற பெயரில் முருகனும் இருக்கிறார். ஒவ்வொரு தெய்வத்துக்கும் கவச எண், உயிர்ப்புள்ளி, தாக்கும் வலிமை எல்லாம் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. கந்த சஷ்டிக் கவசம் கேட்டு வளர்ந்தவனுக்கு முருகனின் உயிர்ப்புள்ளி என்ற சொற்றொடரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். 1980இல் விஸ்கான்சினில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு நம் தெய்வங்கள் எந்த வழியாக, எவ்வளவு வேத காலச் சாயலோடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு அந்தப் பகுதி ஒரு சான்று. இன்று மறு பதிப்பு செய்பவர் சங்கடப்பட்டு அதை நீக்கினாலோ மாற்றி எழுதினாலோ எனக்கு உடன்பாடில்லை. வேண்டுமானால் முன்னுரையில் சொல்லட்டும். பக்கத்தைத் தொட வேண்டாம்.

நவம்பர் 24

‘அப்படியானால் அச்சுப்பிழைகளையும் விட்டுவைக்க வேண்டுமா’ என்று கேட்கிறார்கள். வேண்டும் என்றுதான் நேற்று வரை சொல்லியிருப்பேன். இன்று காலை என் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடை எடுத்துப் பார்த்தேன். இண்டியானாபொலிஸில் ஜென் கான் என்ற விளையாட்டு மாநாட்டுக்குப் போனபோது பழைய நூல்கள் விற்கும் பகுதியில் வாங்கியது. முந்தைய உரிமையாளர் யாரென்று தெரியாது. அவர் ஓர் அட்டவணையில் ஓர் எண்ணைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் வேறு எண்ணை எழுதி, அதற்கும் பக்கத்தில் சிறிய கேள்விக்குறி போட்டிருக்கிறார். பிறகு ஒருநாள் கேள்விக்குறியை அழித்திருக்கிறார். தாளில் அழிப்பானின் தடம் இன்னும் இருக்கிறது. எத்தனை ஆட்டம் ஆடிப் பார்த்த பிறகு அவருக்கு அந்த உறுதி வந்ததோ.

ஆகவே என் விடை: பக்கத்தில் பிழை அப்படியே இருக்கட்டும், திருத்தப் பட்டியலைத் தனித் தாளில் அச்சிட்டுச் செருகி வைக்கட்டும். ஓரத்தில் எழுதிக்கொள்ளும் உரிமையை வாசகருக்கு விடலாம். அதற்கு ஏற்ற தாள் வேண்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பென்சில் பிடிக்காது.

நவம்பர் 30

தேவைக்கேற்ற அச்சு முறையில், அதாவது பிஓடியில், பழைய நூல்கள் கிடைக்கின்றனவே என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அந்த முறை இருப்பது நல்லது. 1991இல் வந்த 304 பக்க ரூல்ஸ் சைக்ளோபீடியா போன்ற நூல்கள் பழைய புத்தகச் சந்தையில் விலையேறிக் கிடந்தபோது, சாதாரண விலையில் கையில் கிடைத்ததே அதனால்தான்.

ஆனால் என் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு நிறுவனத்திடம் கெட்டி அட்டைப் பிரதி ஒன்று வாங்கினேன். எழுத்து கறுப்பாக இல்லை, சாம்பல் நிறம். ஸ்கேன் செய்த பக்கத்தை ஒரு படமாகவே அச்சிட்டதால், எழுத்தின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடிப் புள்ளிகளாக உதிர்ந்திருந்தது. படங்களில் அலை அலையாக ஒரு கோலம். ஏற்கனவே புள்ளிகளால் ஆன அச்சுப் படத்தை ஸ்கேன் செய்து மறுபடி புள்ளிகளாக அச்சிட்டால் இரண்டு புள்ளி வரிசைகளும் மோதி இப்படி ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக அது பெர்ஃபெக்ட் பைண்டிங். தாள்களின் முதுகைச் சீவிப் பசை போட்டு ஒட்டியது. உள் ஓரத்தில் இருந்த அட்டவணையின் கடைசிப் பத்தி மடிப்புக்குள் போய்விட்டது. அதைப் படிக்க அழுத்திப் பிரித்தேன். இரண்டாவது மாதம் எட்டுத் தாள் கையோடு வந்தது.

பதினாறு பதினாறு பக்கமாக ஃபாரம் மடித்து நூலால் தைத்த கட்டில் இது நடக்காது. அன்றைய அச்சிலும் தவறுகள் நடந்தன: 1979இல் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு பிரதிகள் சிலவற்றின் நடுவே, அரக்கர்களைப் பற்றிய மான்ஸ்டர் மேனுவல் நூலின் ஒரு ஃபாரம் தவறுதலாகச் சேர்ந்து கட்டப்பட்டுவிட்டது. ஆனால் அந்தத் தவறான ஃபாரம் கூட இன்றைக்கும் கழன்று விழாமல் இருக்கும்.

டிசம்பர் 1

ஸ்கேன் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா என்ற கேள்வி. அந்தக் காலப் பக்கங்கள் அட்டையில் எழுத்துக்கீற்றுகளையும் படங்களையும் வெட்டி ஒட்டி உருவாக்கியவை. அந்த அட்டைகளும் அவற்றிலிருந்து எடுத்த பிலிமும் நிறுவனம் கைமாறும்போது தொலைந்துபோகும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் 1997இல் விசார்ட்ஸ் கைக்குப் போனது, 1999இல் விசார்ட்ஸே ஹாஸ்ப்ரோவிடம் போனது. ட்ராவலர் என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்ட ஜிடிடபிள்யூ 1996இல் மூடப்பட்டது. மெட்டாகேமிங் என்ற பதிப்பகம் மூடியபோது ஃபேண்டசி ட்ரிப் விளையாட்டின் உரிமை ஆசிரியருக்கே கிடைக்காமல் கிடந்தது. அந்த ஆசிரியரான ஸ்டீவ் ஜாக்சன் அதை மீட்டதாக அறிவித்தது 2017 இறுதியில். 2019இல் பெட்டியாக வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நூல் இப்படி அச்சில் இல்லாமல் கிடந்தால், நல்ல பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்வதுதான் ஆரம்பம். அதன் பிறகு எழுத்தைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் சுத்தம் செய்கிறார்களா என்பதில்தான் பதிப்பாளரின் அக்கறை தெரியும்.

டிசம்பர் 14

இரண்டு வாரம் இங்கே வராததற்குக் காரணம், கேட்டுக்கொண்டே இருப்பதை விட்டு ஒன்றைச் செய்து பார்த்தேன்.

1977இல் வந்த ட்ராவலர் மூன்று கறுப்புச் சிறுநூல்கள் கொண்டது. கறுப்பு அட்டை, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, படம் கிடையாது. லெட்டர் தாளைப் பாதியாக மடித்த அளவு. பிற்காலத்து மறு பதிப்பு ஒன்றில் பல சிறுநூல்களை ஒரே பெரிய நூலாக்கி, ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்களை அடுக்கியிருந்தார்கள். படிக்கலாம், ஆனால் சட்டைப்பைக்குள் செருக முடியாது. நான் முறையாகப் பெற்ற கோப்பை எடுத்து முதல் நூலைப் பக்க வரிசை மாற்றி, இருபுறமும் அச்சிட்டு, பத்துப் பன்னிரண்டு தாளைச் சேர்த்து மடித்து, நீளக் கை ஸ்டேப்ளரால் நடுவில் இரண்டு பின் அடித்தேன். தாளின் கனம் 24 பவுண்டு. சீவாத வெளி விளிம்பில் உள் தாள்கள் படிப்படியாக நீட்டிக்கொண்டிருந்தன. இரும்பு ஸ்கேல் வைத்துக் கத்தியால் சீவினேன்.

நேற்று மகள் அதை வைத்துத் தன் முதல் பாத்திரத்தை உருவாக்கினாள். இந்த விளையாட்டில் பாத்திரம் ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே பணிக்காலத்தில் இறந்துபோக வாய்ப்புண்டு. கடற்படையில் மூன்றாம் பணிக்காலத்தில் பகடை கைவிட்டது. அவள் எதுவும் பேசாமல் நூலை இரண்டாக மடித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் மறுபடி உருட்டத் தொடங்கினாள். அப்படி மடித்துப் பிடிக்கத்தான் அந்த அளவில் செய்திருக்கிறார்கள் என்று அப்போது பட்டது. இதைப் பதிப்பாளர் ஒருவர் நல்ல தாளில் செய்து தந்தால், 1977இல் வந்த பெட்டியோடு சேர்த்து, கேட்ட விலைக்கு வாங்குவேன்.

டிசம்பர் 15

செய்முறை கேட்டவர்களுக்குத் திருத்தம். 24 பவுண்டு தாள் வேண்டாம். நூல் மூடிய நிலையில் நிற்காமல் வாய் பிளக்கிறது. தாள் கனமாக இருப்பது பாதிக் காரணம்தான். லெட்டர் தாளில் நார் நீளவாக்கில் ஓடுவதால், பாதியாக மடிக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. நார் குறுக்கே ஓடும் தாள் தனியாக விற்கிறார்கள். அதில் 20 பவுண்டு வாங்கியிருக்கிறேன். விண்கலங்களைப் பற்றிய இரண்டாம் நூலை இந்த வாரக் கடைசியில் அதில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.